மணி அடிக்கும் பூட்டு: விருந்தினர் கணக்குக்கு எஸ்இலினக்ஸா, ஆப்ஆர்மரா?

சோழவந்தான் பக்கத்து ஊர் ஒன்றில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே, ஊர்க்காரர்களே நடத்தும் ஒரு படிப்பகம் இருக்கிறது. நான்கு கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு இன்வெர்ட்டர். கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, திரும்பும்போது ஒரு கட்டு வெற்றிலை கையில் வரும். மாதத்தில் இரண்டு ஞாயிறு மதுரையிலிருந்து போய் வருகிறேன். அப்படிப் போன ஒரு நாள், எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த கணக்கின் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தேன். 37 ஆதார் பிடிஎஃப்கள். கூடவே வில்லங்கச் சான்றுகள், சாதிச் சான்றிதழ்கள், யாரோ ஒரு பெண்ணின் ஸ்கேன் அறிக்கை.

இணையத்திலிருந்து இறக்கும் ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கடவுச்சொல். ஒரே ஊருக்குள் யாருடைய பெயரும் வயதும் யாருக்குத் தெரியாது?

படிப்பகத்தின் பொருளாளரிடம் அன்று மாலையே விஷயத்தைச் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டியவர், கணினியைத் தொட்டதில்லை. கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, வருகிறவர்களைத் தடுக்கவும் கூடாது, நம்பித் திறந்துவிடவும் கூடாது. நீங்கள் வராத நாளிலும் அது ஓட வேண்டும்." கடைசி வாக்கியத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு முடிவைத் தீர்மானித்தது அந்த வாக்கியம்தான்.

துடைப்பது வேறு, அடைப்பது வேறு

விருந்தினர் கணக்கு (வருகிற யாரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கு) என்று பேசத் தொடங்கினாலே இரண்டு வேலைகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. ஒருவர் எழுந்து போனதும் அவர் விட்டுச் சென்றதைத் துடைப்பது ஒன்று. அவர் உட்கார்ந்திருக்கும்போது எங்கெல்லாம் கை நீட்டலாம் என்று அடைப்பது மற்றொன்று. அந்த 37 ஆதார்கள் துடைக்காததால் வந்த வினை. கட்டாய அணுகல் கட்டுப்பாட்டை (நிர்வாகி எழுதிய விதியை யாரையும் மீற விடாத ஏற்பாடு, தலைப்பில் உள்ள எஸ்இலினக்ஸும் ஆப்ஆர்மரும் செய்வது இதைத்தான்) எவ்வளவு கச்சிதமாகப் போட்டாலும் அது மட்டும் இதைத் தீர்க்காது. முப்பது பேர் ஒரே கணக்கில் நுழைகிறார்கள் என்றால் கணினியின் கண்ணுக்கு அந்த முப்பது பேரும் ஒரே ஆள். ஒருவர் கோப்பை அடுத்தவர் திறப்பது, தன் கோப்பைத் தானே திறப்பது போலத்தான் தெரியும்.

துடைக்கும் வேலைக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் நல்ல வழி இருக்கிறது. உள்நுழையும்போது விருந்தினரின் வீட்டுக் கோப்புறையை ரேமில் தற்காலிகமாக உருவாக்குவது, வெளியேறியதும் அழித்துவிடுவது. மின்சாரம் போனாலும் அழிந்துவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் இது ஒரு வசதி என்றே சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ரேமில் இருக்கும் இந்தக் கோப்பு முறைமை, அளவு குறிப்பிடாவிட்டால் மொத்த ரேமில் பாதிவரை வளரும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் யாராவது ஒரு திரைப்படத்தை இறக்கத் தொடங்கினால் கணினி திணறிவிடும். 500 எம்பி என்று எல்லை போட்டுவிடுங்கள். போட்டித் தேர்வு விண்ணப்பத்துக்கு ஒரு புகைப்படமும் ஒரு கையெழுத்தும் போதும், அதற்கு மேல் எதற்கு?

இனி அடைக்கும் வேலை. எழுத வேண்டியது அதிகம் அங்கேதான்.

கோபுர வாசலில் கைபேசி

லினக்ஸில் பிறந்ததிலிருந்தே இருப்பது விருப்ப அணுகல் கட்டுப்பாடு. கோப்பு யாருடையதோ அவர் விருப்பப்படி மற்றவர்களுக்குத் திறந்துவிடலாம், மூடலாம். அவர் ஓட்டும் எந்தச் செயலிக்கும் அவருக்குள்ள உரிமை முழுவதும் கிடைத்துவிடும். இதில் அடிக்கடி தவறிப்போகும் ஒரு விஷயம் உண்டு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 2021இல் வந்த 21.04 பதிப்புக்கு முன்பு, ஒருவருடைய வீட்டுக் கோப்புறையை அதே கணினியில் கணக்குள்ள வேறு யாரும் படிக்கலாம் என்பதே இயல்பு அமைப்பு. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்த கணினிகளில் அந்தப் பழைய உரிமைகள் அப்படியே கிடக்கலாம். எங்கள் படிப்பகத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கட்டளைகளைத் தட்டச்சும் டெர்மினலைத் திறந்து என் நிர்வாகக் கணக்கின் கோப்புறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்கள் எடுத்த அழகர் படங்கள் நன்றாக இருக்கின்றன" என்று முகத்துக்கு நேரே சொன்னான். திட்ட முடியவில்லை. பூட்டாதது என் தவறு.

அந்த உரிமைகளை இறுக்குவது ஐந்து நிமிட வேலை, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதை முதலில் செய்துவிடுங்கள். ஆனால் அது போதாது.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைபேசி கொண்டுபோக முடியாது. என் கைபேசி, என் காசில் வாங்கியது, என் விருப்பம் என்று கோபுர வாசலில் வாதாடிப் பாருங்கள். காப்பகத்தில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவீர்கள். உடைமை உங்களுடையதுதான், ஆனால் அதை எங்கே கொண்டுபோகலாம் என்ற விதி உங்கள் கையில் இல்லை. கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது கணினிக்குள் இதே ஏற்பாடு. நிர்வாகி எழுதிவைத்த விதியை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே நின்று அமல்படுத்துகிறது. கோப்பின் உரிமையாளரே விரும்பினாலும் தளர்த்த முடியாது. வழக்கமான உரிமைகள் "சரி" என்று சொன்ன பிறகும், இந்த இரண்டாவது காவலர் "கூடாது" என்று சொன்னால் கூடாதுதான்.

லினக்ஸ் கெர்னலில் இந்தக் காவலர் வேலைக்குப் பலர் இருக்கிறார்கள். ஸ்மாக் 2008இலும் டோமோயோ 2009இலும் சேர்ந்தவை. படிப்பகக் கணினிக்கு அவற்றை நாட எந்தக் காரணமும் இல்லை. விண்டோஸிலும் விஸ்டா காலத்திலிருந்து செயலிகளுக்கு நம்பகத் தரநிலை வைக்கும் ஒரு கட்டாயக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல் விருந்தினர் கணக்கு பெயரளவுக்குத்தான், அதில் உள்நுழைய முடியாது. நான்கு உரிமங்களுக்குப் படிப்பகத்தில் காசும் கிடையாது. ஆக, போட்டி ஆப்ஆர்மருக்கும் எஸ்இலினக்ஸுக்கும் இடையில்தான்.

ஆப்ஆர்மர்: எளிது, ஆனால் யார் கழுத்தில் தொங்குகிறது என்று பாருங்கள்

ஆப்ஆர்மர் 2010இல் கெர்னலின் 2.6.36 பதிப்பில் சேர்ந்தது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றில் அது ஏற்கனவே ஓடுகிறது. டெபியனிலும் 2019இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் இயல்பாகவே உண்டு. அதன் விதி எழுதும் முறை நம்மைப் போன்றவர்களுக்குப் படித்தால் புரியும். இந்தச் செயலி, இந்தப் பாதையில் உள்ள கோப்புகளைப் படிக்கலாம், இந்தப் பாதையில் எழுதலாம், இவற்றை ஓட்டலாம். அவ்வளவுதான். கோப்பு இருக்கும் முகவரியை வைத்து முடிவெடுக்கிறது. தடுக்காமல் பதிவேட்டில் குறித்துக்கொண்டே போகும் ஒரு நிலையும் உண்டு. ஒரு வாரம் அப்படி ஓடவிட்டு, பதிவேட்டைப் பார்த்து, தேவையான விதிகளைச் சேர்த்துவிட்டு, பிறகு இறுக்கலாம். கற்றுக்கொள்ள ஒரு வார இறுதி போதும்.

அதன் அடிப்படைக் குணத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஆப்ஆர்மர் கட்டுப்படுத்துவது செயலிகளை, ஆட்களை அல்ல. "விருந்தினர் என்ற கணக்கு" என்று அதற்குத் தனியாக எதுவும் தெரியாது. ஃபயர்பாக்ஸுக்கு ஒரு விதித்தாள், பிடிஎஃப் காட்டும் செயலிக்கு ஒரு விதித்தாள் என்று தொங்கவிடலாம். விருந்தினர் அமர்வு முழுவதையும் அடைக்க வேண்டுமென்றால் ஒரு தந்திரம் செய்ய வேண்டும்: அமர்வைத் தொடங்கிவைக்கும் முதல் செயலிக்கு விதித்தாளை மாட்டிவிடுவது. அதிலிருந்து பிறக்கும் எல்லாச் செயலிகளும் அதே விதியைச் சுமந்துகொண்டு பிறக்கும்.

உபுண்டு செய்தது இதைத்தான். லைட்டிஎம் என்ற உள்நுழைவு மேலாளரோடு வந்த விருந்தினர் அமர்வு, பல ஆண்டுகள் எனக்குப் பிடித்த வசதிகளில் ஒன்று. கடவுச்சொல் வேண்டாம், சொடுக்கினால் திறக்கும், வெளியேறினால் எல்லாம் அழியும், சுற்றிலும் ஆப்ஆர்மர் வேலி. பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் இதைவிட வேறென்ன கேட்கப் போகிறார்?

அந்த வேலி எப்படி விழுந்தது என்பது இந்தக் கட்டுரையின் நடுக்கம்பம். 2016 அக்டோபரில் வந்த உபுண்டு 16.10இல் மேசைச்சூழலின் (டெஸ்க்டாப்) செயலிகளைத் தொடங்கும் பொறுப்பு, கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் பயனர் மேலாளருக்குப் போனது. அமர்வைத் தொடங்கிவைக்கும் அந்த முதல் செயலி இருந்தது. அதன் கழுத்தில் விதித்தாளும் தொங்கியது. ஆனால் மேசைச்சூழலின் செயலிகள் அதன் வயிற்றில் பிறக்கவில்லை, வேறொரு தாயின் வயிற்றில் பிறந்தன. ஆகவே விதி அவற்றுக்கு வந்து சேரவில்லை. விருந்தினர் எந்த ஆப்ஆர்மர் கட்டுப்பாடும் இல்லாமல் உலாவினார். எந்தப் பிழைச்செய்தியும் இல்லை. விதித்தாள் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் "ஆம்" என்று பதில். மாதக்கணக்கில் இப்படியே போனது. 2017 மே மாதம் இந்த ஓட்டை வெளியே வந்ததும், உபுண்டு விருந்தினர் அமர்வை இயல்பாக முடக்கியே வைத்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் அதே அமர்வின் தற்காலிக வீட்டை உருவாக்கும் நிரலில், சாதாரணப் பயனர் நிர்வாக அதிகாரத்தையே பிடித்துவிடக்கூடிய வேறோர் ஓட்டையும் அடைக்கப்பட்டிருந்தது. 17.10 பதிப்பு முதல் உபுண்டு வேறு உள்நுழைவு மேலாளருக்கு மாறியது, அதில் விருந்தினர் அமர்வே இல்லை.

ஆப்ஆர்மர் மோசம் என்று நான் சொல்லவில்லை. அது தனக்குச் சொன்னதைச் சரியாகவே செய்தது. கதவு இடம் மாறிவிட்டது, பூட்டு பழைய நிலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய நிறுவனத்தில் இதைக் கண்டுபிடிக்க ஆள் இருப்பார்கள். சோழவந்தான் பக்கத்துப் படிப்பகத்தில் யார் இருக்கிறார்கள்?

உள்நுழைபவர் யார் என்று பார்த்து ஆப்ஆர்மர் விதியை மாற்றிக்கொடுக்கும் ஒரு பாம் தொகுதியும் (உள்நுழைவைச் சரிபார்க்கும் துணை நிரல்) உண்டு. பயனர், குழு, மற்றவர்கள் என்ற வரிசையில் பார்த்து, அவரவருக்கு உரிய "தொப்பி"யை மாட்டிவிடும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அதற்கு உள்நுழைவு மேலாளருக்கே நீங்கள் விதித்தாள் எழுதி, அதற்குள் தொப்பிகளைத் தைக்க வேண்டும். அதில் ஒரு பிழை வந்தால் நிர்வாகியாகிய நீங்களே வெளியே நிற்பீர்கள். ஒரு முறை நின்றிருக்கிறேன். மறுபடி நிற்கும் எண்ணம் இல்லை.

இன்றைய உபுண்டுவில் விருந்தினர் வீட்டை நீங்களே கையால் கட்ட நினைத்தால் இன்னொரு இடறலும் உண்டு. 22.04 முதல் அங்கே ஃபயர்பாக்ஸ், ஸ்னாப் என்ற தனிப்பொதி வடிவில் வருகிறது. ஸ்னாப் செயலிகள் தாமாகவே ஆப்ஆர்மர் வேலிக்குள் ஓடுகின்றன, நல்லதுதான். ஆனால் பயனரின் வீடு வழக்கமான ஹோம் அடைவுக்குள் (கோப்புறைக்குள்) இருக்கும் என்பது இயல்பு அமைப்பில் அவற்றின் எதிர்பார்ப்பு. தற்காலிக அடைவில் வீட்டைக் கட்டிவிட்டு உலாவியைச் சொடுக்கினால் திறக்காமல் நிற்கும்.

எஸ்இலினக்ஸ்: கையில் குத்தும் முத்திரை

எஸ்இலினக்ஸை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் திறமூலமாக வெளியிட்டது. 2003இல் கெர்னலின் 2.6 பதிப்பில் சேர்ந்தது. ஃபெடோரா, ரெட்ஹாட், அதன் வழிவந்த அல்மாலினக்ஸ், ராக்கி ஆகிய லினக்ஸ் வகைகளின் இயல்புக் காவலர் இதுதான். ஓபன்சூசே டம்பிள்வீடும் 2025 முதல் புதிய நிறுவல்களில் இதற்கு மாறியிருக்கிறது.

இது முகவரியைப் பார்ப்பதில்லை, முத்திரையைப் பார்க்கிறது. ஒவ்வொரு கோப்பிலும், ஓடும் ஒவ்வொரு செயலியிலும் ஒரு முத்திரை குத்தப்பட்டிருக்கும். எந்த முத்திரை எந்த முத்திரையைத் தொடலாம் என்பது விதித்தொகுப்பில் இருக்கிறது. அதில் சொல்லாத எதுவும் அனுமதி இல்லை. நம் வேலைக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று: உள்நுழையும் ஆளுக்கே முத்திரை உண்டு. இந்தக் கணக்கு இந்த வகைப் பயனர் என்று ஒருமுறை எழுதிவிட்டால், உள்நுழையும் நொடியிலேயே கையில் முத்திரை குத்தப்படும். பிறகு எந்தத் தாயின் வயிற்றில் எந்தச் செயலி பிறந்தாலும் அந்த முத்திரையைத் தாண்டிப் போக வழி தேட வேண்டும்.

வகைகள் ஆயத்தமாகவே வருகின்றன. "கெஸ்ட்" என்ற வகைக்கு வரைகலைத் திரை கிடையாது, வலையும் கிடையாது. தொலைவிலிருந்து டெர்மினல் வழியாக வருபவருக்கு உரியது, நமக்குப் பயனில்லை. "எக்ஸ்கெஸ்ட்" வகைக்கு வரைகலைத் திரை உண்டு, நிர்வாகியாக மாறும் கட்டளைகள் எதுவும் கிடையாது, வலைக்கு உலாவி வழியாக மட்டுமே போகலாம். "யூசர்" வகைக்கு வலை முழுவதும் உண்டு, நிர்வாகியாக மட்டும் மாற முடியாது. இவை தவிர, ஆம் இல்லை என்று திருப்பக்கூடிய சுவிட்சுகள் சில இருக்கின்றன. எக்ஸ்கெஸ்ட் பயனர் பென் டிரைவை இணைக்கலாமா, புளூடூத் பயன்படுத்தலாமா, தன் வீட்டுக் கோப்புறையிலிருந்தும் தற்காலிக அடைவிலிருந்தும் செயலிகளை ஓட்டலாமா என்று தனித்தனியாக.

கடைசிச் சுவிட்ச் இயல்பாக "ஓட்டலாம்" என்றே இருக்கும். அதை அணைப்பதுதான் நான் செய்த முதல் வேலை. இணையத்திலிருந்து இறக்கிய எந்த நிரலையும் சொடுக்கி ஓட்ட முடியாது. முழுத் தடுப்பு என்று நினைத்துவிட வேண்டாம்: பைத்தானையோ ஷெல்லையோ திறந்து, அதற்கு உணவாக ஒரு நிரல் கோப்பைக் கொடுத்தால் அது ஓடும், ஏனென்றால் அங்கே நடப்பது படிப்பு மட்டுமே. ஆனால் அப்படி ஓடுவதும் எக்ஸ்கெஸ்ட் முத்திரையோடுதான் ஓடும்.

பென் டிரைவ் சுவிட்சை நான் திறந்தே வைத்தேன். விண்ணப்பத்துக்கான புகைப்படம் வேறெப்படி வரும்? பென் டிரைவ்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபாட் கோப்பு முறைமையில் முத்திரைகளைச் சேமிக்க இடம் கிடையாது. எனவே எஸ்இலினக்ஸ் முழு டிரைவுக்கும் ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறது. நம் தேவைக்கு அது போதும்.

இப்போது மணிக்கு வருகிறேன். திண்டுக்கல் பூட்டு வகைகளில் மணிப்பூட்டு என்று ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும். வீட்டுக்காரர் காதில் விழாமல் திறக்க முடியாது. எஸ்இலினக்ஸின் விருந்தினர் ஏற்பாட்டில் அப்படி ஒரு மணி இருக்கிறது. பாம் தொகுதிகளில் ஒன்று, விருந்தினரைக் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே விடுவதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: அந்த நேரத்தில் எஸ்இலினக்ஸ் முழு அமலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கதவு திறக்காது. ஒரே நேரத்தில் ஒரே அமர்வு என்றும், வெளியேறியதும் மிச்சமிருக்கும் செயலிகளைக் கொன்றுவிடு என்றும் அதே இடத்தில் சொல்லிவிடலாம்.

இதை நான் கோட்பாடாகப் படித்து வியக்கவில்லை, நடந்தது. பிரிண்டர் பழுது என்று மதுரையிலிருந்து ஒரு பழுதுநீக்குநரை வரவழைத்திருக்கிறார்கள். எங்கே எது ஓடவில்லை என்றாலும் முதலில் எஸ்இலினக்ஸைத் தளர்த்திவிடுவது (தடுக்காமல் குறித்துக்கொள்ள மட்டும் வைப்பது) நம் ஊரில் ஒரு குலவழக்கம். அவரும் அப்படியே செய்துவிட்டு, பிரிண்டருக்கு வேறு கேபிள் மாட்டிவிட்டு, தளர்த்தியதைத் திரும்ப இறுக்காமல் போய்விட்டார். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு எனக்கு அழைப்பு. "அண்ணே, விருந்தினர் கணக்கு கடவுச்சொல் கேட்கிறது, உள்ளே போக முடியவில்லை." அழகர் படம் பார்த்த அதே பையன். வேலி விழுந்தது எனக்கு ஒரே இரவில் தெரிந்துவிட்டது. உபுண்டு 16.10இல் அது தெரிய மாதங்கள் ஆயின.

நான் முடிவெடுத்தது இந்த இடத்தில்தான். எது வலுவான வேலி என்ற கேள்விக்குப் புத்தகங்கள் பல பதில் சொல்லும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும் ஆள் போகும் இடத்தில் கேட்க வேண்டியது, விழும்போது எந்த வேலி சத்தம் போடும் என்பது. சத்தத்தின் விலை, அன்று காலை நான்கு பேர் விண்ணப்பம் போட முடியாமல் திரும்பிப் போனது. பொருளாளருக்குக் கோபம் வந்தது. வரட்டும்.

எஸ்இலினக்ஸின் செலவுகளை மறைக்க மாட்டேன். எக்ஸ்கெஸ்ட் விதிகள், திரையில் சாளரங்களை வரையும் பழைய எக்ஸ் முறை கோலோச்சிய காலத்தில் எழுதப்பட்டவை. எனவே அல்மாலினக்ஸ் 9ஐ எடுத்து, அதில் எக்ஸ் அமர்வையே வைத்துக்கொண்டேன். அதன் ஆதரவு 2032வரை இருக்கிறது. 10ஆம் பதிப்பு வழியில் எக்ஸ் சேவையகமே நீக்கப்பட்டுவிட்டது, அதனால் அவசரப்பட்டு மேம்படுத்தவில்லை. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆயுள், ஊர்ப் படிப்பகத்துக்கு அது சரிப்படாது. தடுக்கப்பட்டவை எல்லாம் தணிக்கைப் பதிவேட்டில் வரும். முதல் பார்வையில் அது செட்டியார் கடைப் பேரேடு போலத்தான் இருக்கும். பதிவேட்டிலிருந்து விதியைத் தானாகவே எழுதித்தரும் ஒரு கருவியும் கூடவே வருகிறது. அதை அப்படியே நம்பி "எல்லாவற்றையும் அனுமதி" என்று போட்டால் வேலியில் நீங்களே வாசல் வெட்டுகிறீர்கள். சோதனைக் காலத்தில் எக்ஸ்கெஸ்ட் முத்திரை ஒன்றை மட்டும் தளர்த்தி, மற்ற கணினி முழுவதும் இறுக்கமாகவே வைத்திருக்க முடியும். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின. தமிழ்99 விசைப்பலகை, பிரிண்டர், பென் டிரைவ் இந்த மூன்றையும் விருந்தினராகவே உட்கார்ந்து சோதித்த பிறகுதான் கணினியைத் திறந்துவிட வேண்டும். நிர்வாகியாக உட்கார்ந்து சோதித்து ஒரு பயனும் இல்லை.

எஸ்இலினக்ஸை முழுவதும் அணைத்துவிட்டு மீண்டும் போடுவது இன்னொரு தொல்லை. அணைந்திருந்த காலத்தில் உருவான கோப்புகளில் முத்திரை இருக்காது. வட்டு முழுவதும் மறுமுத்திரை குத்த வேண்டும். பழைய சுழல்வட்டில் டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் முடிந்திருக்காது. நல்லவேளை, அந்தப் பழுதுநீக்குநர் தளர்த்தினார், அணைக்கவில்லை.

இது நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாத சிக்கல் என்று சொல்பவர்களிடம் நான் அவர்கள் சட்டைப்பையைக் காட்டுவேன். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைபேசியிலும் எஸ்இலினக்ஸ் முழு அமலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாலும் ஆகாதவை

விசைப்பலகை முன் உட்கார்ந்திருப்பவர் கணினியை மறுதொடக்கம் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தால் எஸ்இலினக்ஸும் படுத்துவிடும், ஆப்ஆர்மரும் படுத்துவிடும். பென் டிரைவிலிருந்து வேறு இயங்குதளத்தைத் தொடங்கினாலும் அதே கதை. கிரப்புக்கும், கணினியை முதலில் எழுப்பும் பயாஸுக்கும் கடவுச்சொல் போடாமல் கட்டாய அணுகல் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவது, கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் காவலாளி நிறுத்துவது. பையன் இதையும் கண்டுபிடிப்பான் என்று தெரிந்தே முதல் நாள் அதை முடித்தேன்.

கணினியைத் திணறடிக்கும் அளவுக்குச் செயலிகளைத் திறப்பதை இவை தடுக்காது. அதற்குப் பயனர்வாரியாக நினைவகத்துக்கும் செயலி எண்ணிக்கைக்கும் எல்லை போட வேண்டும், சிஸ்டம்டியில் அது இரண்டு வரி. எந்தத் தளத்தைப் பார்க்கலாம் என்பதும் இவற்றின் வேலை அல்ல. கட்டணம் வாங்கி பிரவுசிங் சென்டர் நடத்துபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி பயனர் பதிவேட்டையும், பார்த்த தளங்களின் பதிவையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். வெளியேறியதும் எல்லாவற்றையும் துடைக்கும் விருந்தினர் அமர்வு அந்தப் பதிவையும் சேர்த்தே துடைத்துவிடும். எனவே தளப் பதிவை அந்தக் கணினியில் வைக்காமல் நடுவில் ஒரு ப்ராக்ஸியில் (இணையப் போக்குவரத்து கடந்துபோகும் இடைக் கணினி) வையுங்கள்.

யாருக்கு எது

கணினிகளைத் தினமும் பார்க்கும் ஆள் கூடவே இருக்கிறார், எல்லோரும் உபுண்டுவுக்கோ மின்ட்டுக்கோ பழகிவிட்டார்கள் என்றால் நான் மாறச் சொல்ல மாட்டேன். ஆனால் விருந்தினர் அமர்வு முழுவதையும் ஆப்ஆர்மர் அடைக்கும் என்று நம்ப வேண்டாம். உரிமைகள் குறைந்த சாதாரணக் கணக்கு, ஒவ்வொரு உள்நுழைவிலும் புதிதாகும் வீடு, உலாவிக்கும் பிடிஎஃப் செயலிக்கும் மட்டும் ஆப்ஆர்மர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும், விதித்தாள் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் உலாவி அந்த விதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 2017 கதையின் முழு வேறுபாடும் அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் இருந்தது.

எங்கள் படிப்பகத்தில் இரண்டு கணினிகள் அல்மாலினக்ஸ் 9, எக்ஸ்கெஸ்ட் விருந்தினர், ரேமில் வீடு. மூன்றாவது கணினி, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் 11 பேருக்கு. குறிப்புகளைச் சேமிக்க வேண்டியவர்களுக்கு வெளியேறியதும் அழியும் வீடு எதற்கு? ஆளுக்கொரு கணக்கு, எல்லாம் "யூசர்" வகை, வீட்டிலிருந்து செயலி ஓட்டும் சுவிட்ச் அணைந்திருக்கிறது. அங்கே ஒருவர் வீட்டை மற்றவர் பார்க்காமல் காப்பது பழைய விருப்ப அணுகல் கட்டுப்பாடுதான்; அதை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

நான்காவது கணினியில் இருப்பது கோர் 2 டுவோ என்ற பழைய சிப். அல்மாலினக்ஸ் 9 எதிர்பார்க்கும் சிப் கட்டளைகள் சில அதில் இல்லை, நிறுவவே முடியாது. அந்தக் கணினியில் டெபியனும் ஆப்ஆர்மரும் ஓடுகின்றன. மாதம் இரண்டு ஞாயிறும் போனவுடன் அதன் உலாவி வேலிக்குள் இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன். மற்ற பதின்மூன்று நாளும் அதைப் பார்க்க யாரும் இல்லை. போன ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் மானிட்டரில் இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே பொருளாளர் தன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: "இந்தப் பெட்டியில் ஆதார் திறக்க வேண்டாம். பாட்டுக் கேட்கலாம்."